முத்துவின் பெயரில் முப்பத்தெட்டு பாயின்ட்

பூனாவில் கட்கியை ஒட்டிய போபோடியில் ஆர்தர் வீடு எது என்று கேட்டால் எந்த ஆர்தர் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தச் சந்துகளில் மூன்று ஆர்தர்கள் இருந்தார்கள். 'அண்டேவாலா ஆர்தர்', அதாவது முட்டைக்கார ஆர்தர், என்று சொல்லிவிட்டால் போதும், பான் கடைக்காரரிலிருந்து தபால்காரர் வரைக்கும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, அந்த நெட்டையனா என்று சிரித்துக்கொண்டே வழி சொல்வார்கள். அவன் முட்டை விற்றவனில்லை ஐயா, தின்றவன். தினம் இரண்டு அவித்த முட்டையும் ஒரு தம்ளர் பாலும் கம்பெனி கேன்டீனில் அவனுக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். எதற்கு? பாஸ்கெட்பால் ஆடுவதற்கு. பந்தாடுவதற்குச் சம்பளம் தருவார்கள் என்று சொன்னால் அந்தக் காலத்துக் கட்கியில் யார் நம்புவார்கள்? ஆர்தரின் அப்பாவே நம்பவில்லை.

அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்து கட்கி பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஐந்தடி நாலங்குலம். அம்மா அதற்கும் கீழே. பதினான்கு வயது வரை ஆர்தரும் ஒழுங்காகத்தான் இருந்தான். அதற்குப் பிறகு என்ன ஆயிற்றோ, ஈஸ்டருக்குத் தைத்த பேண்ட் கிறிஸ்துமஸுக்குள் கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டது. பத்தொன்பது வயதில் ஆறடி நாலரை அங்குலம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்கு எழுந்து நின்றால் பின்வரிசைக்காரர்களுக்குப் பாதிரி ஐயர் மறைந்துவிடுவார். பஸ்ஸில் குனிந்து, வாசற்படியில் குனிந்து, சொந்தக்காரர் வீட்டு மின்விசிறிக்குப் பயந்து குனிந்து, குனிந்தே வளர்ந்த பிள்ளை. நிமிர்ந்து நிற்க அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் கோர்ட்.

அங்கே அவனை சென்டராக நிறுத்தினார்கள். சென்டர் என்றால் கூடைக்குக் கீழே, கூடைக்கு முதுகைக் காட்டி நிற்பவன். வேகமாக ஓடுகிறவனுக்கும் தூரத்திலிருந்து எறிகிறவனுக்கும் கைதட்டல் கிடைக்கும். சென்டருக்கு விலாவில் முழங்கைதான் கிடைக்கும். தவறி வரும் பந்தையெல்லாம் எகிறிப் பிடிக்க வேண்டும், எதிராளியின் நெட்டையனைத் தோளால் தாங்க வேண்டும், மூன்று நொடிக்கு மேல் அங்கேயே நின்றால் ரெஃப்ரி விசில் ஊதுவார். ஆர்தருக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. அவன் உயரம் வேண்டும் என்று முதல் தடவையாகச் சிலர் கேட்டிருந்தார்களே!

1971இல் பிம்ப்ரியில் ஒரு பம்ப் கம்பெனி முதலாளி, பாஸ்கெட்பால் பைத்தியம் பிடித்த மனுஷன், அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். பேப்பரில் ஸ்டோர் கிளார்க். காலையில் லோக்கல் ரயில் பிடித்துப் போய் எட்டு மணிக்கு கார்டு பஞ்ச் பண்ண வேண்டியது, நாலு சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டியது, இரண்டு மணி ஆனதும் ஷார்ட்ஸ் மாட்டிக்கொண்டு கம்பெனி கோர்ட்டுக்குப் போய்விட வேண்டியது. மெஷினில் நிற்கிறவர்களுக்கு வயிறு எரியாதா? "ஆலா ரே ஆலா, அண்டேவாலா ஆலா!" என்று அவன் வரவை மராட்டியில் கூவுவார்கள். அவன் கால் அளவுக்கு ஷூ எந்தக் கடையிலும் கிடையாது. கட்கி பஜாரில் மிலிட்டரி பூட்ஸ் தைக்கும் சாச்சா இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூவை வெட்டி ஒரு ஜோடியாகச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார். மூன்று மாதத்தில் அது வாயைப் பிளந்துவிடும்.

இவ்வளவும் இருந்தும் ஆர்தருக்கு ஒரு ஏக்கம். நெஞ்சில் 'இந்தியா' என்று எழுதிய பனியனை ஒரு தடவை போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு தடவை. ஆடவிடாமல் பெஞ்சில் உட்கார வைத்தாலும் சரிதான். ஆனால் முதலாளிக்குப் பூனாவைச் சுற்றி இருந்த கோப்பைகளே போதும். நல்லவர், பிம்ப்ரியைத் தாண்டி யோசிக்க மாட்டார். இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் டெல்லிக்காரர்கள் வந்து பார்க்கும் பெரிய டோர்னமென்ட் எதற்கும் அவர் டீமை அனுப்பவில்லை. ஆர்தர் மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தான்.

அப்போதுதான் முத்துவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. சுவிசேஷமுத்து அடுத்த சந்து, ஆர்தரோடு கூடப் படித்தவன், போபோடித் தமிழர்களில் அவனுக்கு அடுத்த நெட்டை. ஆறடி இரண்டு. பையன்கள் சேர்ந்து நடத்திய 'கட்கி ஈகிள்ஸ்' கிளப்பில் முத்துதான் சென்டர். 1974 டிசம்பரில் சாங்லியில் நடந்த ஒரு அகில இந்திய டோர்னமென்ட்டில் அந்த கிளப்புக்கு முதல் தடவையாக இடம் கிடைத்திருந்தது. டெல்லியிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள் என்று பேச்சு. கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் முத்து கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டான்.

கேப்டன் யூசுஃப் நேராக ஆர்தர் வீட்டுக்கு வந்தான். மேலப்பாளையத்துக்காரர்கள், கட்கி பஜாரில் அவன் வாப்பாவுக்குக் கைலிக் கடை.

"மாப்ளே, நீ வரணும்லே."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருவான். வேற டீமுக்கு ஆட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"ஆர்தர் வர வேண்டாம்லே. முத்து வரட்டும்."

ஆர்தருக்குப் புரிந்துவிட்டது. அப்போதெல்லாம் டீம் பட்டியலில் போட்டோ கிடையாது. பேரும் நம்பரும்தான். படுத்துவிட்டவன் பேரில் இன்னொருத்தனை இறக்குவது வெளியூர் போகிற டீம்களுக்குச் சகஜம். எல்லோரும் செய்தார்கள், எல்லோரும் அடுத்த டீமைத் திட்டினார்கள். மாட்டினால் மட்டும் கிளப்புக்குத் தடை, பேருக்குச் சொந்தக்காரனுக்கு ஆயுசுக்கும் தடை.

டெல்லிக்காரர்கள் வருகிறார்கள் என்ற ஒரு வார்த்தைதான் ஆர்தரை அசைத்தது. பாளையங்கோட்டையில் இல்லாத ஒரு பெரியப்பாவைச் சாகடித்து ஐந்து நாள் லீவு வாங்கினான். கிளம்புவதற்கு முன்னால் கைலிக் கடையின் பின்னறையில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பந்தின் மேல் கை வைக்கலாம் என்றான் ஒருத்தன். "காத்துப் போற சாமான் மேலயாலே சத்தியம்?" என்று யூசுஃப் அதட்டி, அவனவன் வேதத்தின் மேல் கை வைக்கச் சொன்னான். முத்துவே வாயைத் திறந்து சொன்னால் ஒழிய, இதைப் பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூடச் சொல்வதில்லை என்று பேச்சு. பேர் அவனுடையது, மாட்டினால் முதலில் தொலைகிறவனும் அவன்தான். ஆர்தரும் தன் வீட்டு வேதாகமத்தைக் கொண்டுபோய்க் கை வைத்தான்.

காலிறுதியில் பஞ்சாபிலிருந்து வந்த டீம். அவர்களுடைய சென்டர் ஆறடி ஏழு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆர்தர் ஒருத்தன் முகத்தை அண்ணாந்து பார்த்தான், அதுவே அவனுக்கு ஒரு குஷியாக இருந்தது. அன்றைக்கு என்ன வந்து புகுந்ததோ, கைக்கு வந்த பந்தெல்லாம் வளையத்துக்குள் போயிற்று. முதுகால் தள்ளி, தோளைக் காட்டி ஏமாற்றி, அந்தப் பக்கம் திரும்புவது போல இந்தப் பக்கம் திரும்பி, போட்டுக்கொண்டே இருந்தான். பஞ்சாப்காரன் கடைசியில் இடிப்பதை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். முப்பத்தெட்டு பாயின்ட். மூன்று பாயின்ட் ஷாட்டெல்லாம் வராத காலம், இரண்டு இரண்டாகச் சேர்த்த முப்பத்தெட்டு! கடைசிப் பந்தும் அவன் போட்டதுதான். ஒரே பாயின்ட்டில் ஈகிள்ஸ் ஜெயித்தது.

மைக்கில் ஒருத்தர் தொண்டை கிழியக் கத்தினார்: "நம்பர் லெவன், முத்து! கட்கி கா முத்து!" ஜனங்கள் உள்ளே பாய்ந்து அவனைத் தூக்கினார்கள். "முத்து! முத்து!" என்று சாங்லியே கத்தியது. ஆர்தர் சிரித்துக் கையை ஆட்டினான். பந்தியில் தன் இலைக்கு வந்த பாயசத்தைப் பக்கத்து இலையில் ஊற்றிவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவனுக்கு. அடுத்த நாள் அரையிறுதியில் தோற்று, பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள்.

ஜனவரிக் கடைசியில் முத்து வீட்டுக்கு டெல்லியிலிருந்து தபால் வந்தது. இந்திய அணித் தேர்வு முகாமுக்கு எஸ். சுவிசேஷமுத்து வர வேண்டும் என்று. முத்துவின் அம்மா சத்தியவதிக்குத் தலைகால் புரியவில்லை. "காமாலைக்கு முந்தி ஆடினதுக்கு இப்பத்தான் தபால் போட்டிருக்கான், சர்க்கார் காரியம்லா" என்று சந்து முழுக்க பேடா கொடுத்தாள். ஆர்தர் கையிலும் ஒன்று வைத்தாள்.

அன்று சாயங்காலம் கைலிக் கடைப் பின்னறையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். முத்து கடிதத்தை ஆர்தர் முன்னால் வைத்தான். உடம்பு இன்னும் தேறவில்லை, கன்னம் ஒட்டியிருந்தது.

"இது உனக்கு வந்த லெட்டர்லே. நான் தொடக் கூடாது."

"எவன் போறது?" என்றான் யூசுஃப். "ஆடுனது நான்தான்னு ஆர்தர் போய்ச் சொன்னா கிளப்பும் போச்சு, இவன் வேலையும் போச்சு, உன் பேரும் போச்சு. இவன் முத்துவாவே போனாலும் நாளைக்குப் பாஸ்போர்ட்டுல போட்டோ ஒட்டணுமே, என்ன பண்ணுவான்?"

ஆர்தரின் அப்பா மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார். கம்பெனி வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அவன் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். தேதி, ரயில் பாஸ், கொண்டுவர வேண்டிய சாமான்கள். எல்லாம் அவனுக்காக யாரோ உட்கார்ந்து டைப் அடித்தது.

"நீயே போயிட்டு வா முத்து" என்றான். "பேரு உன் பேருதானே? ரெண்டு நாள் ரொட்டி தின்னுட்டு, முடியலைன்னு வந்துரு."

பெரிய மனசுலே உனக்கு என்று யூசுஃப் முதுகில் தட்டினான். பெரிய மனசாவது மண்ணாங்கட்டியாவது! ஆர்தர் போட்ட கணக்கு வேறு. முத்துவை இரண்டே நாளில் துரத்திவிடுவார்கள். பூனாவில் வேறு சென்டர் உண்டா என்று போகும்போது கேட்பார்கள். முத்து அவன் பேரைச் சொல்லுவான். இதை நினைத்துக்கொண்டுதான் முத்துவை வண்டி ஏற்றிவிட்டு வந்தான். பிறகு தினம் வேலை விட்டதும் பூனா ஸ்டேஷனுக்குப் போய், வடக்கேயிருந்து வரும் வண்டியில் அவன் இறங்குகிறானா என்று பார்த்தான். பத்து நாள் பார்த்தான்.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. முத்து எழுதியிருந்தான்: 'சாங்லியில் பார்த்தவர்கள் யாரும் இங்கே இல்லை. முதல் நாளே கோச் கேட்டார், சாங்லியில் ஆடினவனா நீ என்று. காமாலை வந்து எழுந்திருக்கிறேன் சார் என்றேன். கண்ணை இழுத்துப் பார்த்தார். அதானே, உடம்பு தேறினால் பழைய ஆட்டம் வந்துவிடும், இரு என்று சொல்லிவிட்டார். நான் என்ன செய்யட்டும் ஆர்தர்?'

என்ன செய்ய? காமாலை நிஜமாயிற்றே. நாலு மாதம் பாலும் கறியும் போட்டு, காலையும் மாலையும் ஓடவிட்டு, வராத பழைய ஆட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். முத்துவும் சும்மா இருக்கவில்லை, உயிரைக் கொடுத்து உழைத்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய ஆட்டம் வரவில்லை, புதிதாக ஒரு ஆட்டம் வந்தது. பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது ஆளாக அவனை எடுத்து மலேசியாவுக்குக் கூட்டிப் போனார்கள்.

திரும்பி வந்ததும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் முதலில் ஆர்தரிடம்தான் வந்தான். கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். பையைத் திறந்து, இந்தியா பனியனை எடுத்து நீட்டினான்.

"போட்டுப் பாருலே. இது உன்னுதுதான்."

ஆர்தர் அதைக் கையில் வாங்கினான். எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"அளவு பத்தாது முத்து" என்றான்.

அதற்கப்புறம் முத்துவுக்கு மெட்ராஸில் சர்க்கார் வேலை, கல்யாணம், வீடு. முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து, பிறகு அதுவும் இல்லை. ஆர்தர் தன் பேரிலேயே இரண்டு தடவை தேர்வுக்குப் போய் நின்றான். 'பூனாவிலிருந்துதான் முத்து இருக்கிறானே, இன்னொரு சென்டர் எதற்கு?' என்றார்கள். 1977இல் கன்டோன்மென்ட்டில் பிரைமரி ஸ்கூல் டீச்சராக இருந்த பிலிஸைக் கட்டினான். 1979இல் சிமெண்ட் தரையில் விழுந்து முழங்கால் போயிற்று. பிலிஸ் அவன் ஆடிப் பார்த்தது மொத்தம் இரண்டே தடவை, இரண்டும் காலில் பட்டி கட்டிக்கொண்டு நொண்டி ஆடிய ஆட்டம். 1981இல் பெரிய முதலாளி இறந்துபோனார். மகன் டீமைக் கலைத்தான். ஆர்தர் முழுநேரமும் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தான். முட்டை நின்றுபோயிற்று, பேர் மட்டும் நிற்கவில்லை.

பேர் கிடக்கட்டும். அவனை உறுத்தியது வேறு. எண்பத்திரண்டில் டெல்லி ஆசிய விளையாட்டை எதிர்வீட்டு டீவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது பிலிஸ் கேட்டாள்: "நீங்க ஏன் இந்தியாவுக்கு ஆடல? இவ்வளவு வளத்தி இருந்தும்?"

தொண்டை வரைக்கும் வந்தது. வேதத்தின் மேல் வைத்த கையாயிற்றே, எப்படிச் சொல்வது?

"அவ்வளவு நல்லா ஆடல போல" என்றான்.

அவள் பாவம், அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரக்கம்தான் அவனைக் கொன்றது. உலகத்துக்குத் தெரிய வேண்டாம், பேப்பரில் வர வேண்டாம். இந்த ஒருத்திக்குத் தெரிந்தால் போதும், தன் புருஷன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், எப்படி ஆடினான் என்று. அதற்கு முத்து வாயைத் திறக்க வேண்டும். ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்க அவனுக்கு மனம் வரவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தான்.

1986இல் ஈகிள்ஸ் கிளப்புக்கு இருபதாவது ஆண்டு விழா. யூசுஃப்தான் செயலாளர். மெட்ராஸிலிருந்து முத்து தலைமை விருந்தாளியாக வருகிறான் என்று செய்தி கொண்டுவந்தான்.

"சொல்லுவானாலே?" என்று ஆர்தர் கேட்டான்.

"சொல்லாம? இனிமே யாருக்கு என்ன போவுது? உன் கம்பெனி டீமே இல்ல. அவனும் ஆடி முடிச்சாச்சு. நல்ல பயலே அவன், சொல்லிருவான்."

அந்த ஒரு வாரம் ஆர்தர் ஆளே மாறிவிட்டான். சட்டையை லாண்டரியில் போட்டான். பிலிஸுக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டிய கட்டு ஒன்று கிடந்தது.

"நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"நீ கண்டிப்பா வரணும். கல்யாணப் பட்டுச் சேலையக் கட்டிக்க."

"பந்து கிளப்புக்குப் பட்டா? அப்படி என்ன விசேசம்?"

"வா, அங்க தெரியும்" என்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பேப்பர் கட்டை எடுத்து வைத்தாள்.

ஹாலில் இருநூறு பேர். முத்து கொஞ்சம் தடித்திருந்தான், முன்மண்டை வழுக்கை, நீலக் கோட்டு. வாசலிலேயே ஆர்தரைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான். "மாப்ளே!" என்று இறுக்கிக் கட்டிக்கொண்டான். பிலிஸிடம், "அண்ணி, இவன் இல்லாட்டி நான் இல்ல" என்றான். ஆர்தர் பிலிஸின் முகத்தைப் பார்த்தான். சரிதான், சொல்லப் போகிறான்.

மேடையில் முத்து ஹிந்தியில் ஆரம்பித்தான். முன்வரிசையில் நம்மவர்களைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தான். கிளப்பைப் பற்றிச் சொன்னான், சிமெண்ட் கோர்ட்டைப் பற்றிச் சொன்னான். பிறகு, "சாங்லி" என்றான். ஆர்தர் நாற்காலியின் நுனிக்கு வந்தான். பக்கத்தில் யூசுஃப் அவன் தொடையில் தட்டினான்.

"அன்னிக்கு எனக்குக் காமாலை தொடங்கியாச்சு" என்றான் முத்து. "கண்ணெல்லாம் மஞ்சள். அதோடதான் ஆடினேன். எதுத்தாப்ல பஞ்சாப்காரன் ஆறடி ஏழு. எனக்கே தெரியாது எங்கேயிருந்து வந்துச்சுன்னு, முப்பத்தெட்டு பாயின்ட்! அவன் ஆடுறதை விட்டுட்டுச் சிரிக்கான்! கடைசிப் பந்து, நேரம் முடியப் போவுது, ரிங்குக்கு முதுகைக் காட்டி நிக்கேன், இப்படி வலது கையால ஒரு ஹூக்..." மேடையிலேயே சுழன்று கையை வீசிக் காட்டினான். ஹால் கைதட்டியது.

யூசுஃப் பாதி எழுந்துவிட்டான். ஆர்தர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தான். வைத்த கண் வாங்காமல் முத்துவின் முகத்தையே பார்த்தான். பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். முத்து முகத்தில் அது இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு வருஷமாக அந்த ஆட்டத்தைச் சொல்லிச் சொல்லி, அவன் அதை ஆடியே முடித்திருந்தான். பஞ்சாப்காரனின் மூச்சுக்கூட அவன் கழுத்தில் பட்டிருக்கும். இனி அவனிடமிருந்து உண்மை வெளியே வரப்போவதில்லை. அதுவும் ஆர்தருக்குத் தெரிந்தது.

"நம்ப மாட்டீங்க நீங்க" என்று முத்து சிரித்தான். "இந்தா, ஆர்தர் உக்காந்திருக்கான்லா! அவனும் அன்னிக்கு சாங்லி வந்திருந்தான். அவன்கிட்டயே கேளுங்க. சொல்லுலே மாப்ளே!"

இருநூறு தலையும் திரும்பியது. பிலிஸும் திரும்பினாள். ஆர்தர் மெல்ல எழுந்தான். வலி எடுத்த முழங்காலை ஊன்றி, முழு உயரத்துக்கும் நிமிர்ந்தான். பின்னால் இருந்தவர்கள் மேடை தெரியாமல் தலையைச் சாய்த்தார்கள்.

"ஆமா" என்றான். "முப்பத்தெட்டு. நான் இருந்தேன்."

கைதட்டல் அடங்கும் வரை நின்றான். பிறகு சொன்னான்:

"கடைசி ஷாட்டு வலது கை இல்ல முத்து. வலது கையைப் பஞ்சாப்காரன் பிடிச்சிட்டான். இடது கை."

முத்து ஒரு கணம் தன் கையைப் பார்த்தான். "அட ஆமாலே, இடது கை! பாத்தீங்களா, என்னைவிட இவனுக்குத்தான் ஞாபகம்!" என்றான். மறுபடியும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆர்தர் உட்கார்ந்தான். யூசுஃப் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

விழா முடிந்து இருவரும் போபோடிக்கு நடந்தார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. பிலிஸ் பட்டுச் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, அவன் நொண்டலுக்கு ஏற்றாற்போல மெதுவாக வந்தாள். எதற்குத் தன்னைக் கூப்பிட்டான் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

"அந்த மேட்ச்சுக்கு நீங்களும் போயிருந்தீயளா? ஒரு நாளும் சொல்லலையே."

"போயிருந்தேன்."

"முத்து அண்ணன் நிசமாவே அவ்வளவு நல்லாவா ஆடினாவ?"

ஆர்தர் நின்றான். அவளைப் பார்த்தான்.

"ரொம்ப நல்ல ஆட்டம் பிலிஸ்" என்றான். "நீ பாத்திருக்கணும்."